நர்ஸம்மா ஏன் திரும்பத் திரும்பப் பேர் கேட்கிறாங்க?



கல்விக் கடன் கேட்டு நம் கூட்டமைப்புக்கு வரும் மனுக்களில் "மகளை நர்ஸிங் சேர்க்க" என்று எழுதியிருப்பவை எல்லா வருடமும் உண்டு. பத்து மாடு வாங்கும் கடனைவிட அந்தக் கடனைக் கொடுக்கும்போது எங்களுக்கு மனசு நிறையும். ஒரு குடும்பத்தில் ஒரு பெண் நர்ஸ் ஆனால் அந்தத் தெருவுக்கே ஒரு தைரியம் வருகிறது. ஆனால் அந்த வேலையில் என்ன பொறுப்பு இருக்கிறது என்று கேட்டால், "ஊசி போடணும், மாத்திரை கொடுக்கணும், டாக்டர் சொன்னதைச் செய்யணும்" என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. டாக்டர் சொன்னதைச் செய்வது மட்டும்தான் நர்ஸ் வேலையா? இந்தப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். நர்ஸுக்குப் படிக்கும் மகள் இருப்பவர்களும் படிக்கலாம், ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணைக்கு உட்கார்ந்திருப்பவர்களும் படிக்கலாம்.

ஒரு சின்னத் தீவில் நடந்தது

பசிபிக் பெருங்கடலில் சமோவா என்று ஒரு தீவு நாடு இருக்கிறது. மொத்த மக்கள் தொகையே ஏறக்குறைய 2 லட்சம்தான். 2018 ஜூலை மாதம் அங்கே ஓர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு வயதுக் குழந்தைகள் இரண்டுக்குத் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்ட சிறிது நேரத்தில் முதல் குழந்தை இறந்தது. அதே நாளில் இரண்டாவது குழந்தையும் இறந்தது.

தடுப்பூசியில் கோளாறு எதுவும் இல்லை. அந்த மருந்து பொடியாக வரும். அதற்கென்று தனியாக ஒரு சின்னப் பாட்டிலில் வரும் நீரை ஊற்றிக் கலக்கித்தான் போட வேண்டும். அன்றைக்கு அந்த நீருக்குப் பதிலாக, ஆபரேஷன் நேரத்தில் உடம்புத் தசைகளைச் செயல்படாமல் தளர்த்துவதற்குக் கொடுக்கும் மருந்தைக் கலந்துவிட்டார்கள். அதுவும் காலாவதி ஆனது. அதுவும் சின்னப் பாட்டில், இதுவும் சின்னப் பாட்டில். அதுவும் தண்ணி மாதிரி, இதுவும் தண்ணி மாதிரி. தசை தளர்ந்தால் மூச்சு விட முடியாது. ஆபரேஷன் அறையில் மூச்சுக்கு மெஷின் இருக்கும். தடுப்பூசி போடும் இடத்தில் ஏது மெஷின்?

சம்பந்தப்பட்ட இரண்டு நர்ஸ்களும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2019 ஆகஸ்டில் ஆளுக்கு 5 வருடம் சிறைத் தண்டனை கிடைத்தது. கதை அதோடு முடியவில்லை. குழந்தைகள் இறந்தவுடனே அந்த நாட்டு அரசாங்கம் இந்தத் தடுப்பூசியைப் பல மாதங்களுக்கு நிறுத்தி வைத்தது. திரும்ப ஆரம்பித்தபோது தாய்மார்கள் பயந்து வரவில்லை. அங்கே அதற்கு முன்பே தடுப்பூசி போடுவது குறைந்துகொண்டுதான் வந்தது, இந்தச் சம்பவம் அதை அடியோடு சாய்த்துவிட்டது. 2019 கடைசியில் தட்டம்மை பரவியது. 5,700 பேருக்கு மேல் நோய் வந்து 83 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். டிசம்பரில் நாட்டையே இரண்டு நாள் மூடினார்கள். தடுப்பூசி போடாதவர்கள் இருக்கிற வீட்டுக்கு முன்னால் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். நர்ஸ்கள் வீடு வீடாகப் போய்த் துணி கட்டிய வீடுகளில் ஊசி போட்டார்கள்.

ஒரு பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை ஒருவர் படிக்கவில்லை. அதிலிருந்து ஆரம்பித்தது இவ்வளவும்.

மூன்று தடவை படிப்பது

நர்ஸிங் பள்ளியில் முதல் வருடத்திலேயே ஒரு பழக்கம் சொல்லிக் கொடுப்பார்கள். மருந்தை அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு தடவை லேபிளைப் படி, சிரிஞ்சில் இழுக்கும்போது ஒரு தடவை படி, பாட்டிலைத் திரும்ப வைக்கும்போதோ குப்பையில் போடும்போதோ ஒரு தடவை படி. பேர், அளவு, காலாவதித் தேதி மூன்றையும் பார். கேட்கும்போது சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி இருக்கும். ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு, வார்டு முழுக்க ஒரே ஆளாக நிற்கும்போது, இந்தப் பழக்கம் இருக்கிற கைதான் உயிரைக் காப்பாற்றுகிறது. மூளை களைத்துப் போனாலும் பழகின கை தானாகவே லேபிளைத் திருப்பிப் பார்க்கும்.

அதோடு சேர்த்து ஐந்து "சரி" சொல்வார்கள். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இதில் "வழி" என்பது நம் ஆட்கள் பலருக்குப் புதிதாக இருக்கும். வாய் வழியா, தசையிலா, இரத்தக் குழாயிலா, தோலுக்கு அடியிலா என்பதுதான் வழி. தசையில் மட்டுமே போட வேண்டிய பென்சிலின் வகை ஒன்று உண்டு. அதே மருந்தை, அதே அளவில், அதே ஆளுக்கு இரத்தக் குழாயில் ஏற்றினால் உயிர் போய்விடும். பொட்டாசியம் மருந்தும் அப்படித்தான். பார்த்தால் தண்ணி மாதிரி இருக்கும். டிரிப் பாட்டிலில் கலந்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், நேராகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும்.

"சரியான ஆள்" என்பதுதான் ஐந்திலும் சுலபம் என்று நினைப்போம். அதில்தான் நிறையத் தவறு நடக்கிறது. ஒரே வார்டில் இரண்டு முத்துலட்சுமி இருப்பது நம் பக்கம் சகஜம். அதனால் நல்ல நர்ஸ், "நீங்கதானே முத்துலட்சுமி?" என்று கேட்க மாட்டார். காய்ச்சல் மயக்கத்தில் இருக்கும் பாட்டி எதற்கும் "ஆமா தாயி" என்றுதான் சொல்லும். காது கேட்காத தாத்தாவும் தலையாட்டுவார். "பாட்டி, உங்க பேர் என்ன? வீட்டுக்காரர் பேர் என்ன? எந்த ஊரு?" என்று கேட்டு, அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, கையில் கட்டியிருக்கும் பட்டையோடும் கேஸ் ஷீட்டோடும் ஒத்துப் பார்ப்பார். காலையில் கேட்டதையே மத்தியானமும் கேட்பார். நாம் என்ன சொல்கிறோம்? "மூணு நாளா இங்கதான் படுத்திருக்காங்க, இன்னும் பேர் தெரியலையா உங்களுக்கு?" என்று சலித்துக்கொள்கிறோம். அந்தச் சலிப்புக்குப் பயந்து கேட்காமல் விட்டுவிடும் சின்ன வயசு நர்ஸ்களும் இருக்கிறார்கள்.

"டாக்டர் சொன்னார்" என்றால் போதாது

இதுதான் இந்தப் பாடத்தின் நடு விஷயம். டாக்டர் மருந்து எழுதுகிறார். நர்ஸ் கொடுக்கிறார். அளவு தப்பாக எழுதியிருந்தால் யார் பொறுப்பு? எழுதினவருக்கும் பொறுப்பு உண்டு, கொடுத்தவருக்கும் உண்டு. படித்துப் பதிவு பெற்ற நர்ஸ் வெறும் கை அல்ல. வழக்கமாகக் கொடுப்பதைவிடப் பத்து மடங்கு எழுதியிருக்கிறது, புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்றே தெரியவில்லை, இந்த அம்மாவுக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேஸ் ஷீட்டிலேயே இருக்கிறது என்றால், நர்ஸ் நிறுத்த வேண்டும். டாக்டரிடம் கேட்க வேண்டும். "சார், இது அரை மில்லியா, அஞ்சு மில்லியா? ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்று கேட்பது எதிர்த்துப் பேசுவது ஆகாது. அதுதான் வேலை. போனில் மருந்து சொன்னால் காதில் விழுந்ததை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, "சரி" என்று அவர் சொன்ன பிறகுதான் கொடுக்க வேண்டும். அப்புறம் டாக்டர் வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

இது நடைமுறையில் எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும். கிராமத்திலிருந்து போன 22 வயதுப் பெண், பெரிய டாக்டரைப் பார்த்து "இது சரியா சார்?" என்று கேட்க வேண்டும். வீட்டில் அப்பாவிடமே எதிர்க்கேள்வி கேட்காமல் வளர்ந்த பெண் அவள். குழுவில் சேர்ந்த புதிதில் பேங்க் மேனேஜர் முன்னால் வாய் திறக்க நாம் எத்தனை மாதம் எடுத்துக்கொண்டோம் என்று நினைத்துப் பாருங்கள். மகளை நர்ஸிங்குக்கு அனுப்புகிற தாய், பாடப் புத்தகத்துக்குப் பணம் கொடுப்பதோடு கேள்வி கேட்கும் பழக்கத்தையும் வீட்டிலிருந்தே கொடுத்து அனுப்ப வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

இன்னொன்று, எழுதி வைப்பது. கொடுத்த மருந்து, கொடுத்த நேரம், அளவு, கையெழுத்து. நர்ஸுகள் நடுவில் ஒரு பேச்சு உண்டு, எழுதாத வேலை செய்யாத வேலை என்று. நமக்கு இது புரியும். சந்தா வாங்கியாச்சு, ஆனால் நோட்டில் ஏறவில்லை என்றால் என்ன ஆகும்? அடுத்த மாதம் அந்த அக்காவிடமே திரும்பக் கேட்போம். ஆஸ்பத்திரியில் எழுதாமல் விட்டால் அடுத்த டூட்டிக்கு வரும் நர்ஸ் அதே மருந்தைத் திரும்பக் கொடுப்பார். கைவிளக்கு ஏந்திய அம்மையார் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த பிளாரன்ஸ் நைட்டிங்கேலும் விளக்கோடு நிற்கவில்லை. 1854-ல் போர்முனை ஆஸ்பத்திரிக்குப் போனவர், எத்தனை சிப்பாய்கள் காயத்தால் இறந்தார்கள், எத்தனை பேர் நோயால் இறந்தார்கள் என்று கணக்கெடுத்துப் படம் போட்டுக் காட்டினார். காயத்தைவிட நோயில் செத்தவர்கள்தான் அதிகம் என்று அந்தக் கணக்கு சொன்னது. விளக்கைப் பற்றிப் பாட்டு இருக்கிற அளவுக்கு நோட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இன்சுலின் விஷயம், கவனமாகப் படியுங்கள்

இது நர்ஸுக்கு மட்டும் அல்ல, வீட்டில் இன்சுலின் போடும் எல்லோருக்கும். நம் நாட்டில் இன்சுலின் இரண்டு பலத்தில் கிடைக்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் இருப்பது ஒன்று, 100 யூனிட் இருப்பது இன்னொன்று. சிரிஞ்சும் இரண்டு வகை. 40-க்கு உரியது சிவப்பு மூடி, 100-க்கு உரியது ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் கணக்கே மாறிவிடும். 100 பலமுள்ள மருந்தை 40 சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 10 யூனிட் அல்ல, 25 யூனிட். சர்க்கரை திடீரென்று இறங்கி, வேர்த்து, நடுங்கி, நினைவு தப்பிவிடும். 40 பலமுள்ள மருந்தை 100 சிரிஞ்சில் 10 கோடு இழுத்தால் 4 யூனிட்தான் போகும், சர்க்கரை இறங்கவே இறங்காது. "இன்சுலின் போட்டும் குறையலையே" என்று மருந்தைக் குறை சொல்வோம். மருந்துக் கடையில் சிரிஞ்சு வாங்கும்போது இன்சுலின் பாட்டிலையும் கையில் கொண்டு போங்கள். பாட்டிலில் 40 என்று இருந்தால் சிரிஞ்சிலும் 40 என்று இருக்க வேண்டும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று சொன்னால் வேறு கடைக்குப் போங்கள்.

தவறு நடந்துவிட்டால்

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்குப்படி, ஆஸ்பத்திரியில் சேரும் 10 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு, அவர் நோயால் அல்லாமல், பார்க்கும் விதத்தில் நேரும் குறையால் ஏதாவது ஒரு கெடுதல் ஏற்படுகிறது. அதில் பாதிக்கு மேல் தடுத்திருக்கக் கூடியவை. ஆக, தவறே நடக்காத ஆஸ்பத்திரி கிடையாது. நடந்த தவறை அடுத்த நிமிஷம் சொல்கிறார்களா, மறைக்கிறார்களா என்பதில்தான் வித்தியாசம். இன்சுலின் கூடுதலாகப் போய்விட்டது என்று ஐந்து நிமிஷத்தில் சொன்னால் குளுகோஸ் ஏற்றிக் காப்பாற்றலாம். ஒரு மணி நேரம் பயந்து மறைத்தால் முடியாமல் போகலாம்.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் 2017 டிசம்பரில் ஒரு சம்பவம் நடந்தது. ஸ்கேன் எடுக்கப் பயந்த 75 வயது அம்மா ஒருவருக்குப் பதற்றம் குறைக்கும் மருந்து கொடுக்கச் சொன்னார்கள். மருந்து அலமாரி கம்ப்யூட்டரில் இயங்குவது. நர்ஸ் மருந்துப் பேரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினார். அதே இரண்டு எழுத்தில் ஆரம்பிக்கும் வேறு மருந்து வந்தது. அதுவும் தசையைத் தளர்த்தும் மருந்துதான். மூடியிலேயே எச்சரிக்கை எழுதியிருந்தது, கேட்ட மருந்து நீராக இருக்கும், இது பொடியாக இருந்தது. அவர் கவனிக்கவில்லை. அந்த அம்மா மறுநாள் இறந்தார். ஆனால் இந்த நர்ஸ் மறைக்கவில்லை. தெரிந்தவுடனே தன் தவறைச் சொல்லிவிட்டார். 2022-ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்து, சிறைக்கு அனுப்பாமல் 3 வருடம் கண்காணிப்பில் இருக்கச் சொன்னது. நர்ஸ் பதிவு அதற்கு முன்பே பறிபோயிருந்தது. அந்த நாட்டு நர்ஸுகள் திரண்டு வந்து, "உண்மையைச் சொன்னவருக்கே இந்தக் கதி என்றால் இனி யார் சொல்வார்கள்?" என்று கேட்டார்கள்.

இறந்துபோன அம்மாவின் பிள்ளைகள் இடத்தில் இருந்து பார்த்தால் அந்தக் கேள்வி கசக்கும். இருந்தாலும் அதில் நியாயம் இருக்கிறது என்றே எங்களுக்குப் படுகிறது. படிக்காமல் ஊற்றியது அலட்சியம். அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரே நர்ஸின் தலையில் முழுசாகக் கட்டிவிட்டால், பாட்டிலை அங்கே வைத்தவர், எச்சரிக்கையைத் தாண்டிப் போக வழி வைத்த அலமாரி, ஒரு ஆளுக்கு மூன்று ஆள் வேலை கொடுத்த நிர்வாகம் எல்லோரும் தப்பித்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் வேறொரு நர்ஸ் அதே பாட்டிலை எடுப்பார். தடுப்பூசி வைக்கும் பிரிட்ஜில் வேறு எந்த மருந்தையும் வைக்கக் கூடாது என்று விதி இருப்பது இதற்காகத்தான்.

கடன் மனுவில் நாங்கள் கேட்பது

தமிழ்நாட்டில் நர்ஸாக வேலை பார்க்க, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு வேண்டும். 1926-ஆம் வருடச் சட்டத்தின்படி வந்த அமைப்பு இது. ஏ.என்.எம். 2 வருடம், ஜி.என்.எம். 3 வருடம், பி.எஸ்ஸி. நர்ஸிங் 4 வருடம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் "ஆறே மாதத்தில் நர்ஸிங்" என்று போர்டு வைத்திருக்கும் இடங்களில் படித்தால் இந்தப் பதிவு கிடைக்காது. நோயாளியைக் குளிப்பாட்ட, சாப்பாடு ஊட்ட, புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்க உதவியாளர் பயிற்சி என்று ஒன்று உண்டு. அது கௌரவமான வேலைதான், குறைவாக நினைக்க வேண்டாம். ஆனால் உதவியாளராகச் சேர்த்துவிட்டு, வெள்ளை உடுப்பு போட்டு, ஊசியைக் கையில் கொடுத்துவிடும் சின்ன ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. சம்பளம் கொஞ்சம், ஆபத்து முழுசு. ஏதாவது நடந்தால் "அந்தப் பொண்ணுதான் போட்டுச்சு" என்று கையைக் காட்டிவிடுவார்கள். அந்தப் பெண்ணுக்கோ ஐந்து சரியும் தெரியாது, மூன்று தடவை படிக்கவும் யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் கல்லூரிக்குக் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் நாங்கள் மனுவை அடுத்த கட்டத்துக்கு அனுப்புவதில்லை. "கெடுபிடி பண்றாங்க" என்று சில குழுக்கள் கோபித்துக்கொள்கின்றன. கோபித்துக்கொள்ளட்டும்.

துணைக்கு உட்கார்ந்திருக்கும் நாம்

ஆஸ்பத்திரியில் படுக்கை ஓரம் இருப்பது பெரும்பாலும் பெண்கள்தான். நர்ஸுக்கு அடுத்தபடி நோயாளியை அதிக நேரம் பார்ப்பதும் நாம்தான். டிரிப் சீக்கிரம் முடியட்டும், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அந்தச் சின்னச் சக்கரத்தைத் திருப்பி வேகம் கூட்டுவது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். இதயமோ சிறுநீரகமோ பலவீனமான வயதானவருக்கு நீர் வேகமாக ஏறினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். சக்கரத்தைத் தொடவே தொடாதீர்கள், சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

நாட்டு மருந்து, பக்கத்து வீட்டில் வாங்கின வலி மாத்திரை எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை. முன்பு எந்த ஊசிக்கு அரிப்பு, தடிப்பு வந்தது என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் நாமாகவே சொல்ல வேண்டும். "இது என்ன மருந்து சிஸ்டர், எதுக்கு?" என்று மரியாதையாகக் கேட்கலாம், அது நம் உரிமை. மாத்திரையின் நிறம் நேற்றைப் போல இல்லை என்றால் விழுங்கும் முன்னே சொல்லுங்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். தட்டம்மை ரூபெல்லா மருந்தைக் கலந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, கலந்த நேரத்தைப் பாட்டிலில் நர்ஸம்மா எழுதுவார். பார்க்க ஆசைப்பட்டால் காட்டுவார்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நம் குழுப் பெண்கள் பலர் தன்னார்வலர்களாகச் சேர்ந்து இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீடு வீடாகக் கொண்டு போனார்கள். பையைத் தோளில் மாட்டின அந்த நிமிஷத்திலிருந்து ஐந்து சரியும் அவர்களுக்கும் பொருந்தும். தெருவில் தெரிந்த அக்காதானே என்று மருமகளிடம் கொடுத்துவிட்டு வந்தால், மாமியார் மாத்திரையை மாமனார் சாப்பிடுவது நடக்கும். பேரைக் கேட்டு, அட்டையைப் பார்த்து, ஆள் கையில் கொடுக்க வேண்டும்.

குழுக் கூட்டத்தில் செய்ய

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் வீட்டில் உள்ள மருந்துப் பையை அப்படியே எடுத்து வாருங்கள். படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்கு உதவி, ஒவ்வொன்றிலும் பேர், அளவு, காலாவதித் தேதி மூன்றையும் சத்தமாகப் படியுங்கள். யாருடைய மாத்திரை என்று தெரியாதவற்றைத் தனியாகவும், தேதி முடிந்தவற்றைத் தனியாகவும் வைத்து ஊக்குநர் எண்ணிக்கையைத் தீர்மான நோட்டில் எழுதட்டும். இன்சுலின் போடுபவர்கள் பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்து இரண்டிலும் உள்ள எண்ணைப் பாருங்கள். தேதி முடிந்த மருந்துகளைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் கட்டி வைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது கொண்டு போய், என்ன செய்வது என்று நர்ஸம்மாவிடம் கேளுங்கள்.